பழைய ஸ்டீரியோ பெட்டிகளும் என் காதும்

(நெய்யாற்றின்கரையில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மாமா, இந்தத் தடவை உபன்யாசம் வேண்டாம். உங்க ஸ்பீக்கர் பைத்தியத்தைப் பத்தி ஒரு அரைமணி பேசுங்கோ" என்றார் நம் காரியதரிசி. பைத்தியம் என்பது அவர் உபயோகித்த வார்த்தை. எங்காத்தில் உபயோகிக்கிற வார்த்தை இன்னும் கொஞ்சம் கடுமை. நான் ஒத்துக்கொண்டதற்கு வேறு ஒரு காரணம் உண்டு. என் பேச்சை நம்பிப் பழைய ஸ்பீக்கர் வாங்கியவர்கள் நாலு பேர் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கடைசியில் அதற்கு வருகிறேன். அதுவரை எழுந்து போய்விடாதீர்கள்.

இதைப் பத்திரிகையில் வாசிக்கப்போகும் மும்பை, டில்லி, சென்னை அங்கத்தினர்களுக்காக ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ரோட்டில் வந்தால் நெய்யாற்றின்கரை, அதற்கப்புறம் பாறசாலை. அதையும் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. வாசலில் மலையாளம், உள்ளே தமிழ் என்று நாமும் நின்றுவிட்டோம். ரேடியோவுக்கு எல்லை கிடையாது. ஒரு பக்கம் திருவனந்தபுரம், மறுபக்கம் திருநெல்வேலி, காற்று அனுகூலமாக இருந்தால் இலங்கை. சங்கீதத்துக்கோ பஞ்சமே இல்லாத பூமி. நெய்யாற்றின்கரை வாஸுதேவன் இந்த ஊர், 2008-ல் காலமானார். பாறசாலை பொன்னம்மாள் மாமி 1924-ல் பிறந்து 2021-ல் போனார். நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்று இருந்த வழக்கம் 2006-ல் அவர் உட்கார்ந்து பாடியதோடு முடிந்தது. அப்போது அவருக்கு எண்பது தாண்டியாயிற்று!

பெட்டிகள் வந்த கதை உங்களுக்கே தெரியும். 1970-களிலும் 80-களிலும் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் கொண்டுவந்தார்கள்: அகாய், ஸான்சூயி, பயனியர், டெக்னிக்ஸ். லண்டன் போய் வந்த இரண்டொருவர் வார்ஃபடேல், செலஸ்டியன் கொண்டுவந்தார்கள். இறக்குமதி வரி கட்ட முடியாதவர்கள் கல்கத்தாவின் ஸோனோடைன் வாங்கினார்கள். பிறகு டிவி வந்தது, ஸிடி வந்தது, ஹோம் தியேட்டர் வந்தது. பெட்டிகள் மச்சுக்குப் போயின. மச்சிலிருந்து ஆக்ரிக்கடைக்கு. அங்கேதான் நான் பிடித்தேன். ரிடையர் ஆன பிறகு சேர்க்க ஆரம்பித்து இப்போது பதினோரு ஜோடி. எங்காத்துக்காரி கணக்கில் இருபத்திரண்டு; அவள் பெட்டிபெட்டியாக எண்ணுவாள்.

நம் ஊர் ஈரம் இந்தப் பெட்டிகளுக்கு எமன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, அது அசைந்து கொடுத்தால்தான் கூம்பு முன்னும் பின்னும் போகும். 1970-களில் பல கம்பெனிகள் இதை ஃபோமில் செய்தன. அந்த ஃபோம் ஈரக்காற்றில் மெதுவாகச் சிதைந்து, விரல் பட்டால் பழைய முறுக்கு மாதிரி உதிரும். ரப்பர் வளையம் இன்னும் தாங்கும். துணியிலோ காகிதத்திலோ செய்த பழைய வளையம் எல்லாவற்றுக்கும் மேலே. ஆகவே பெட்டி வாங்கும்போது முதலில் துணியைக் கழற்றி வளையத்தைப் பாருங்கள். கம்பெனிப் பெயரைப் பிறகு பார்க்கலாம். அடுத்தது மரம். பார்ட்டிகிள் போர்டு பெட்டி தரையில் இருந்த பக்கம் ரொட்டி மாதிரி ஊதியிருக்கும். மூன்றாவது, உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர். கனத்த ஸ்வரங்களைப் பெரிய கூம்புக்கும் கீச்சு ஸ்வரங்களை ட்வீட்டர் என்ற சின்னதற்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட் அது. அதிலுள்ள எலெக்ட்ரோலிடிக் கண்டென்ஸர்கள் முப்பது, நாற்பது வருஷத்தில் வறண்டு போகும். சரியான பைபோலார் கண்டென்ஸர் கிடைக்காத நாளில் நம் ரேடியோ மெக்கானிக்குகள் ஒரு வித்தை செய்வார்கள். பத்து மைக்ரோஃபாரட் சாதாரணக் கண்டென்ஸர் இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் ஐந்து மைக்ரோஃபாரட் பைபோலார் ஆகிவிடும். கண்ணூரில் கெல்ட்ரான் செய்த கண்டென்ஸர்களை வைத்து நானே செய்திருக்கிறேன், குற்றமில்லை.

சேர்ப்பது சுலபம். ஒப்பிட்டு, எது நல்லது என்று சொல்வதில்தான் வழுக்கும்.

இரண்டு ஜோடியை ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, குமிழை ஒரே இடத்தில் வைத்துக் கேட்டால் எது ஜெயிக்கும்? சத்தம் அதிகமானது ஜெயிக்கும். சில பெட்டி ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 83 டெஸிபெல் கொடுக்கும். பிபிஸி வடிவமைத்த புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ அந்த ரகம். இன்னொன்று 95 கொடுக்கும். மூன்று டெஸிபெல்லுக்கு வாட் இரட்டிக்கும் என்றால், பன்னிரண்டுக்குப் பதினாறு மடங்கு. சத்தத்தைச் சமமாக்காமல் செய்கிற ஒப்பீடு, ஒரு தட்டில் கல்லைப் போட்டுத் தராசு பிடிக்கிற மாதிரி. ஒரு டெஸிபெல் கூடினாலே, "சத்தம் கூட" என்று நமக்குத் தோன்றாது, "தெளிவாக இருக்கே!" என்று தோன்றும்.

இரண்டாவது திருடன் கண். இதை ரொம்ப நாள் முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். 1915 முதல் பத்து வருஷம் எடிஸன் கம்பெனி மேடையில் பாடகரையும் கிராமஃபோனையும் நிறுத்தி, விளக்கை அணைத்து, எது மனுஷர், எது இயந்திரம் என்று ஜனங்களைக் கேட்டது. பாடியவர்களில் ஒருவர், இயந்திரத்துக்குத் தகுந்தபடி குரலை அடக்கிக்கொண்டு பாடியதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்! 1954-ல் வார்ஃபடேல் ஸ்தாபகர் கில்பர்ட் பிரிக்ஸ் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நேர் வாத்தியத்தையும் ஸ்பீக்கரையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1994-ல் ஃப்ளாயிட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு பரீக்ஷை செய்தார்கள். கேட்டவர்கள் பழக்கமில்லாதவர்கள் இல்லை, ஸ்பீக்கர் செய்கிற கம்பெனியிலேயே வேலை பார்க்கிறவர்கள். பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது ஒரு தீர்ப்பு, திரைக்குப் பின்னால் கேட்டபோது வேறு தீர்ப்பு. பெரிய பெட்டி, விலை கூடிய பெட்டி, திரை போட்டதும் மதிப்பு இறங்கியது.

இதை வாசித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாவம், அமெரிக்காக்காரர்கள்" என்று நினைத்தேன். என் காது அப்படியில்லை என்ற அகம்பாவம்.

போன நவராத்திரி லீவில் குழந்தைகள் எல்லோரும் பாறசாலைக்கு வந்திருந்தார்கள். விளையாட்டாக நாமும் செய்து பார்ப்போமே என்று மருமான் ஆரம்பித்தான். கூடத்தின் குறுக்கே கொடி கட்டி, இரண்டு ஒன்பது முழ வேஷ்டியைத் திரையாகத் தொங்கவிட்டான். பின்னால் நாலு ஜோடி. மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சலை ஓடவிட்டு, ஃபோனில் அளந்து, எல்லாவற்றுக்கும் சத்தத்தைச் சமமாக்கினான். பொன்னம்மாள் மாமி பாடிய ஒரு கச்சேரிப் பதிவு, ஸ்வரம் பாடும் இடம். கேட்டவர்கள் ஏழு பேர்: நான், எங்காத்துக்காரி, மன்னி, வயலின் வாசிக்கிற அடுத்தாத்து மாமா, இரண்டு மாட்டுப்பெண்கள், பதினொரு வயது பேத்தி. ஆளுக்கொரு காகிதம், பென்சில். பேசக்கூடாது.

இரண்டாம் எண்ணுக்கு நான் முதல் மார்க் போட்டேன். "குரலில் உடம்பு இருக்கிறது, நிச்சயம் அந்த இங்கிலாந்து ஜோடி" என்று குறிப்பும் எழுதினேன். மூன்றாம் எண்ணுக்கு இரண்டாவது இடம், "மிருதுவான ஓசை" என்று. ஏழில் ஐந்து பேருக்கு இரண்டாம் எண்தான் முதல்.

திரையை எடுத்தார்கள். இரண்டாம் எண் என் அப்பாவுடையது. 1966-ல் அத்திம்பேர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய ஃபிலிப்ஸ் 9710, எட்டு அங்குலம், கூம்புக்குள் கூம்பு வைத்த மாடல். நெய்யாற்றின்கரை ஆசாரி ஒருவர் ஆஞ்சிலி மரத்தில் பெட்டி அடித்துக் கொடுத்தார். கிராஸ்ஓவரே இல்லை, வறளக் கண்டென்ஸரும் இல்லை. காகித வளையம், உதிர ஃபோமும் இல்லை. ஆகையால்தான் அது இந்த ஈரத்தில் அப்படியே இருந்திருக்கிறது. போன வருஷம் மச்சைக் காலி செய்தபோது ஆக்ரிக்காரரிடம் இதற்கு விலை பேசியாயிற்று. காந்தத்தின் எடைக்கு நூற்றைம்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். அன்றைக்கு மழை, அவர் வரவில்லை. அவ்வளவுதான் அது தப்பித்த கதை. நாலாவது ஜோடியாகக் கணக்குக்கு ஒன்று வேண்டும் என்றுதான் மருமான் அதை இறக்கினான்.

மூன்றாம் எண்தான் அந்த இங்கிலாந்து ஜோடி. பெயர் சொல்லவில்லை, தப்பு கம்பெனியுடையது இல்லை. என் கிரீடம் அது. மூன்று வருஷமாக உங்களிடமெல்லாம் "மிருது, மிருது" என்று நான் பிரசாரம் செய்தது அதைத்தான். பேத்தி அதற்குப் பூஜ்யம் போட்டிருந்தாள்.

"ஏண்டி?" என்றேன்.

"தாத்தா, வலது பெட்டிக்குள்ளே தலகாணி வெச்சிருக்கேளா? பாட்டி ‘ஸ’ பாடறச்சே இடது பக்கம்தான் வரது."

திறந்து பார்த்தோம். வலது ட்வீட்டர் செத்துப்போய் ரொம்ப நாளாயிருக்கிறது. கம்பிச் சுருளில் பச்சை பூத்து அறுந்திருந்தது. பொழியூர் கடல் பக்கத்தில்தானே, உப்புக்காற்று. ‘ஸ’ என்ற ஒலியின் சக்தி பெரும்பாலும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது பெட்டியிலிருந்து வரவேயில்லை. நான் அதை மிருது என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் காது டாக்டரிடம் போனேன். ஆடியோகிராம் கோடு 3000 வரை சமதரையாகப் போய், 4000-லிருந்து குளத்துப் படி மாதிரி இறங்குகிறது. வயசுக்கு இது சகஜம் என்றார் டாக்டர். இருபது வயதில் 20,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கேட்கிற காது அறுபது, எழுபதில் பாதியை விட்டுவிடுமாம். நமக்குத் தெரியாது, ஏனென்றால் ஒரே நாளில் போவதில்லை. என் பெட்டி போனதும் என் காது போனதும் ஒன்றாகவே நடந்ததால் இரண்டும் ஒன்றையொன்று காட்டிக் கொடுக்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். அப்பா பெட்டிக்குப் பேத்தி முதல் மார்க் தரவில்லை. அவளுக்குப் பிடித்தது நாலாம் எண், ஸோனோடைன். "ரெண்டாவதிலே மிருதங்கம் ஒரு கைலே வாசிக்கற மாதிரி இருக்கு" என்றாள். அதுவும் வாஸ்தவம், ஒற்றைக் கூம்பில் தொப்பியின் கும்காரம் சரியாக வராது. எனக்கு அப்பா பெட்டி பிடித்ததற்கு அதன் குரல் காரணமா, நான் பத்து வயதிலிருந்து அந்தப் பெட்டியில் கேட்டுத்தான் வளர்ந்தேன் என்பது காரணமா? திரை போட்டாலும் அது மறையாது போலிருக்கிறது.

இப்போது அந்த நாலு பேர். மூன்று பேர் சொற்பத்தில் வாங்கினீர்கள். ஒருவர், ரிடையர் ஆன பள்ளிக்கூட ஸார், என் "மிருது"வை நம்பி அதே மாடலுக்கு இருபத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்தார். கொடுக்கும் முன் என்னைக் கூட்டிப் போய்க் கேட்க வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸார், உங்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டிகளைப் பாறசாலைக்குக் கொண்டுவாருங்கள். பேத்தி மறுபடி கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறாள். ட்வீட்டர் போயிருந்தால் ரிப்பேர் செலவு என்னுடையது. வேண்டாம் என்றால் கொடுத்த விலைக்கே நான் எடுத்துக்கொள்கிறேன். எங்காத்துக்காரி அங்கே தலையில் கை வைத்துக்கொள்வது தெரிகிறது. நேற்று ராத்திரியே அவளிடம் சொல்லியாயிற்று. மற்ற மூன்று பேருக்கும் இதே வார்த்தைதான்.

மேடைக்குப் பின்னால் வேஷ்டி கட்டியிருப்பதை எல்லோரும் கவனித்திருப்பீர்கள். இரண்டு ஜோடி இருக்கிறது. சத்தம் சமமாக்கியாயிற்று. காகிதம் முன்வரிசையிலிருந்து வருகிறது, ஆளுக்கொன்று எடுத்துப் பின்னால் கடத்துங்கள். என்னை யாரும் பார்க்காதீர்கள், எனக்கும் எது எதுவென்று தெரியாது. குழந்தைகள் எல்லோரும் தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். மருமானே, முதல் ஜோடியைப் போடு.