1914: இரண்டு சமாதானங்கள்



வங்காளிகள் கிறிஸ்துமஸை ‘பொரோதின்’ என்பார்கள். பெரிய நாள் என்று பொருள். அன்று மாலை பார்க் ஸ்ட்ரீட்டில் கால் வைக்க இடமிருக்காது. அதற்குச் சில நாட்கள் முன்பே நியூ மார்க்கெட்டில் நஹூம் கடை வாசலில் வரிசை வளைந்து நிற்கும். 1902 முதல் நடக்கும் யூதக் குடும்பத்துக் கடை அது. இயேசுவின் பிறந்தநாளுக்கு யூதர் கடையில் கேக் வாங்கி இந்து வீட்டில் வெட்டுவது கொல்கத்தாவில் செய்தியே அல்ல. கண்ணுக்கும் நாக்குக்கும் இனிய இணக்கம்தான். ஆனால் இந்தக் கருத்தரங்கு கூடியிருப்பது இணக்கத்தைப் பற்றிப் பேச அல்ல, சமாதானத்தைப் பற்றிப் பேச.

இரண்டும் ஒன்றல்ல. மலைப்பிரசங்கத்தில் இயேசு பேறுபெற்றவர்கள் என்று சொல்வது சமாதானமாக இருப்பவர்களை அல்ல, சமாதானத்தைச் செய்பவர்களை. பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘பண்ணு’ என்ற வினையைப் போட்டிருக்கிறது. இன்றைய காதுக்குக் கொஞ்சம் பேச்சுவழக்காக ஒலிக்கும் சொல். இருந்தாலும் உழைப்பின் வியர்வை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் சமாதானம் என்றதும் உலகம் நினைப்பது 1914 டிசம்பரை. மேற்குப் போர்முனையில் பிரிட்டிஷ், ஜெர்மானியச் சிப்பாய்கள் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள், சிகரெட் மாற்றிக்கொண்டார்கள், நடுவெளியில் கிடந்த பிணங்களைப் புதைத்தார்கள். நம் கர்வால் ரைஃபிள்ஸ் படையினரும் அன்று ஜெர்மானியர்களோடு முகம் பார்த்துப் பேசினார்கள். நெகிழ வைக்கும் காட்சி, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மறுபடியும் துப்பாக்கிகள் பேசின. போர் இன்னும் நான்கு ஆண்டுகள் ஓடியது. அடுத்த கிறிஸ்துமஸில் அப்படி எதுவும் நேராதபடி மேலதிகாரிகள் முன்கூட்டியே உத்தரவு போட்டுவிட்டார்கள்.

அதே ஆண்டின் மறுமுனையில், ஜனவரித் தொடக்கத்தில், இன்னொரு சமாதானம் கப்பலிலிருந்து இறங்கியது. அதைப் பற்றிப் படம் எடுத்தவர்கள் குறைவு.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம். சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாரும் அவருடைய நண்பர் பியர்சனும் வந்து இறங்குகிறார்கள். காந்தி யார் என்று ஆண்ட்ரூஸ் கேட்கிறார். தலையை மழித்து, ஒப்பந்தக் கூலிகள் உடுத்தும் முரட்டுத் துணியோடு நின்ற மெலிந்த மனிதரைக் காட்டுகிறார்கள். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் காலைத் தொட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் இப்படிச் செய்யலாமா என்று அங்குள்ள வெள்ளையர் கொதித்தார்கள். குனிந்தது ஒரு கணம்தான். அதன் பிறகு வாரக்கணக்கில் காந்திக்கும் அந்நாட்டு அரசின் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் நடுவே போய்வருகிற வேலை. கடிதத்தில் ஒரு சொல் மாறினால் பேச்சே முறியும் என்ற நிலை. அந்த நாட்களில்தான் இங்கிலாந்தில் அவருடைய தாயார் இறந்தார்.

தீர்க்க வேண்டிய வழக்கில் பெரும்பங்கு தமிழர்களான நம்முடையது. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கிய கூலிகள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 1913இல் டிரான்ஸ்வாலிலிருந்து பெரும்பாலும் தமிழ்ப் பெண்களே அடங்கிய ஒரு குழு நேட்டாலின் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பியது. (ஆண்ட்ரூஸ் பிறந்ததும் ஒரு நியூகாஸிலில், இங்கிலாந்தில்! வரலாறு சில சமயம் நாவலாசிரியரைப் போலக் குறும்பு செய்யும்.) அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அந்த ஆண்டு நடுவில் வந்த சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது. கிறிஸ்தவ முறையில் நடக்காத இந்தியத் திருமணங்களையும் ஏற்றது.

டிசம்பர் சமாதானத்தில் இரு தரப்பும் ஒரு நாள் சண்டையை மறந்தன. ஜனவரி சமாதானத்தில் ஒருவர் சண்டையின் காரணத்தைத் தேடிப் போய், பாதிக்கப்பட்டவன் பக்கம் நின்றுகொண்டே எதிர்த்தரப்போடும் பேசினார். கிறிஸ்தவ அமைதிப்பணிக்கு இந்த உரை கொடுக்கும் வரையறை இதுதான். கட்டுரையாளர்கள் தாராளமாக மறுக்கலாம்.

1915இல் ஆண்ட்ரூஸ் பிஜிக்குப் போனார். அங்கே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் ‘லியோனிடாஸ்’ 1879இல் கிளம்பியது இதே கொல்கத்தாவின் ஹூக்ளிக் கரையிலிருந்து. பின்னால் சென்னையும் சேர்ந்துகொண்டது. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் சேர்த்து, கரும்புத் தோட்டத்துக் கூலி வரிசைகளில் அடைத்தார்கள். அந்தக் கணக்கே எத்தனை கொடுமைக்கு வித்திட்டது என்பதை ஆண்ட்ரூஸும் பியர்சனும் அறிக்கையாக எழுதினார்கள். 1920 ஜனவரி 1 அன்று எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. அதே பெண்களின் அழுகை புதுச்சேரியில் இருந்த பாரதிக்கும் கேட்டது. ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாட்டு பிறந்தது. அறிக்கையையும் பாட்டையும் அருகருகே வைத்து வாசித்த ஆய்வு தமிழில் இன்னும் நிறைய வேண்டும்.

திருச்சபை எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கமே நின்றது என்று சொல்லிக்கொள்ள முடியாது. காந்தியின் சட்டமறுப்பு இயக்கக் காலத்தில் கல்கத்தாவின் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் அந்த இயக்கத்தை ஏற்கவில்லை. தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர் ஜே. சி. குமரப்பா, அன்பால் எதிர்ப்பது கிறிஸ்துவின் வழி அல்லாமல் வேறென்ன என்று அவரோடு எழுத்தில் மல்லுக்கட்டினார். பேராயரின் தம்பி பேசில் வெஸ்ட்காட்டோ ஆண்ட்ரூஸின் கேம்பிரிட்ஜ் நண்பர். டெல்லியில் காலராவில் அவர் இறந்ததுதான் ஆண்ட்ரூஸை இந்தியாவுக்கு இழுத்த காரணங்களில் ஒன்று. ஒரே சபை, ஒரே நட்பு வட்டம், இரண்டு சமாதானங்கள்.

தாகூரின் சாந்திநிகேதனில் 1910 முதல் டிசம்பர் 25 அன்று கிறிஸ்து உற்சவம் நடக்கிறது. 1939இல் உலகப் போர் மூண்டபின் வந்த கிறிஸ்துமஸில் தாகூர் எழுதிய பாடல் வாழ்த்துப் பாடலே அல்ல. அன்று இயேசுவைக் கொன்றவர்கள் இன்று கோயிலுக்குள் வந்து அவர் பெயரையே சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. அடுத்த ஏப்ரல் 5 அன்று ஆண்ட்ரூஸ் இதே கொல்கத்தாவில் காலமானார். லோயர் சர்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். இடைவேளையில் பார்க்க விரும்புவோர் பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

கடைசியாக, கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்ட்ரூஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். நேட்டாலிலும் பிஜியிலும் அவரிடம் வாய் திறந்து சொன்ன பெண்களின் பெயர்கள் அறிக்கைகளில் அரிதாகவே வருகின்றன. கப்பல் பதிவேடுகளில் பெயர், ஊர், தந்தை பெயர் எல்லாம் இருக்கின்றன. அவற்றைத் தேட இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். முதல் அமர்வின் தலைவர் மேடைக்கு வரலாம்.