மேசையில் கையூன்றும் நேரம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இஞ்சினியரைப் பேசக் கூப்பிட்டால் வேலைவாய்ப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு தாண்டலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

2012 லண்டன் ஒலிம்பிக். ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் வால்ட் இறுதிப் போட்டி. தென் கொரியாவின் யாங் ஹாக்-சியோன் ஓடி வருகிறார். 135 செ.மீ. உயர மேசையில் கையூன்றி எழும்பி, உடம்பை நேராக நீட்டியபடி முன்கரணம் போட்டுக்கொண்டே, பம்பரம் மாதிரி மூன்று சுற்று, அதாவது 1080 டிகிரி, திரும்பி இறங்குகிறார். மேசையை விட்டபின் எல்லாம் ஏறத்தாழ ஒரு விநாடிதான்! அந்தத் தாண்டலுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

காற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லையே, அப்புறம் எப்படிங்க திரும்ப முடியும்? எல்லாம் நம்ம மெக்கானிக்ஸ் வகுப்பில் படித்ததுதான். மேசையை விட்டபின் கோண உந்தம் மாறாது. திருகலில் ஒரு பகுதியை மேசையிலிருந்தே எடுத்து வரலாம். மீதிக்கு, இரண்டு கைகளையும் ஒரே மாதிரி வைக்காமல் ஒன்றை மட்டும் சட்டென்று இறக்கினால், உடம்பு சற்றே சாய்கிறது. கரணத்தின் உந்தத்தில் ஒரு பங்கு திருகலாகிறது. நீட்டிய உடம்பு கரணம் அடிப்பதைவிடத் தன் நெட்டச்சில் சுற்றுவது வெகு சுலபம். நிலைமத் திருப்புத்திறன் அங்கே அவ்வளவு குறைவு. அதனால் சின்னச் சாய்வே போதும்.

சுத்துறது பெரிசில்லை, நிறுத்துறதுதான் பெரிசு. கைகளை விரித்தால் வேகம் குறையும். ஆனால் சாய்வை நிமிர்த்தினால்தான் திருகல் நிற்கும். கொஞ்சம் பிந்தினால் முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்று யாங் இறங்கும்போது கால் நிலைக்காமல் முன்னால் நகர்ந்துவிட்டார். மதிப்பெண் 16.466. இரண்டாவது தாண்டல் அதைவிடச் சுலபமானது, சுத்தமாக இறங்கினார். 16.600. சராசரி 16.533. ஜிம்னாஸ்டிக்ஸில் தென் கொரியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்! ஆனால் 2016-இல் குதிகால் தசைநாண் அறுந்து, ரியோவுக்குப் போகவே முடியவில்லை.

கஷ்டமான தாண்டல் அவருக்குப் பெயர் தந்தது. சுத்தமாக இறங்கியது கூடுதல் மதிப்பெண் தந்தது. இரண்டும் சேர்ந்துதான் தங்கம்.

தம்பி தங்கைகளே, மேலே போனபிறகு புதிதாக உந்தம் கிடைக்காது. கீழே தள்ளி எடுத்துக்கொண்டதுதான் கடைசிவரை. நாங்கள் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கை இன்னும் மேசைமேல் இருக்கிறது. நல்லா அழுத்தித் தள்ளுங்கள்!