நர்ஸம்மா ஒருத்தர், வீடுகள் ஆயிரம்



கர்ப்பிணித் தாய்க்கு அரசு உதவி உண்டு என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த உதவி எல்லா வீட்டு வாசலுக்கும் ஒழுங்காக வந்து சேருகிறதா? "எதிர் வீட்டுக்காரிக்குப் பணம் வந்துடுச்சு, எனக்கு ஏன் வரலே? நர்ஸம்மா எழுதாம விட்டுட்டாங்க" என்று கோபப்படும் தாய்மார்களை ஊருக்கு ஊர் பார்க்கிறேன். அதே ஊர் துணை சுகாதார நிலையத்தில், "மூணு தடவை அந்த வீட்டுக்குப் போனேன் சார், பூட்டியே கிடந்துச்சு" என்கிறார் நர்ஸம்மா. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் எங்கே வழி அடைபடுகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் நர்ஸம்மாவின் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. ஒரு நிலையத்துக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் வீட்டுக்கு மேல் ஆகிறது. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 14 குழந்தை என்று கொண்டால், வருஷத்துக்கு 70 பிரசவம். எந்த மாதம் பார்த்தாலும் 50 கர்ப்பிணிகளாவது இருப்பார்கள். அவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், இரத்தச்சோகை இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி. காய்ச்சல் பரவினால் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. பார்த்த வேலை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, கணினியிலும் ஏற்ற வேண்டும். பக்கத்து நிலையத்தில் பணியிடம் காலியாக இருந்தால் அந்த ஊரும் இவர் தலையில்தான்.

அங்கன்வாடி டீச்சர் நிலைமையும் இப்படித்தான். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கடைசிக் கை அவர். குழந்தைக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பவரும் அவரே. எடை பார்ப்பவரும், சத்துமாவு கொடுப்பவரும், கைப்பேசிச் செயலியில் கணக்கு ஏற்றுபவரும் அவரே. 1996 வரை குடும்ப நலத் துறையில் "இத்தனை ஆபரேஷன் சேர்க்க வேண்டும்" என்று ஊழியர்களுக்கு இலக்கு இருந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் அந்த முறை கைவிடப்பட்டது. இலக்கு போனாலும் பதிவேடுகளின் சுமை குறையவில்லை.

இனி உதவி எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்போம். 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2018 முதல் இதன் மதிப்பு 18,000 ரூபாய்: ரொக்கமாக 14,000 ரூபாய், 4,000 ரூபாய் பெறுமான ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு பிரசவம் வரை கிடைக்கும். கர்ப்பமான 12 வாரத்துக்குள் பதிவு செய்வது, பரிசோதனை, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவற்றைப் பொறுத்துத் தவணைகள் வரும்.

தவணை தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயம். ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறு பெயர். கணக்கு அவள் பெயரில் இல்லை, மாமியார் பெயரில் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் அங்கே போட்ட தடுப்பூசி இங்கே அட்டையில் ஏறவில்லை. குடும்பத்தோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போனவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

பட்டியலில் விட்டுப்போன தாய்க்கு நஷ்டம் பணம் மட்டுமா? நாலாம் மாதம் சூளைக்குப் போனவள் எட்டாம் மாதம் கால் வீங்கி, முகம் வீங்கித் திரும்புகிறாள் என்று வையுங்கள். இடையில் ஒருவரும் இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. வலிப்பு வந்துவிட்டால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். போன பணத்தை விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம், போன உயிரைக் கேட்க முடியுமா?

குறை எல்லாம் மக்கள் மேல்தான் என்று நான் சொல்ல வரவில்லை. காலியிடத்தை நிரப்புவதும், தவணையைக் காலத்தில் அனுப்புவதும், எழுத்து வேலையைக் குறைப்பதும் அரசாங்கத்தின் கடமை. அந்தக் கடமையைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அதோடு நம் கையில் இருப்பதையும் செய்வோம்.

ஒன்று: நாள் தள்ளிப்போனால் "மூணு மாசம் கழியட்டும், வெளியே சொல்லாதே" என்று மறைக்காதீர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸம்மாவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு: தாயின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். ஆதாரிலும் வங்கியிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். இந்த அலைச்சலைக் கணவன்மார் ஏற்றுக்கொள்ளுங்கள். வயிற்றுப் பிள்ளையோடு அவளை வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

மூன்று: ஊர் மாறினால் இரண்டு ஊர் நர்ஸம்மாவுக்கும் சொல்லுங்கள். தாய்சேய் நல அட்டையும் பதிவு எண்ணும் துணிப்பையிலேயே இருக்கட்டும். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசி எங்கே போட்டாலும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

நான்கு: பதிவு செய்ய யாரும் பணம் கேட்கக் கூடாது, நீங்களும் கொடுக்கக் கூடாது. தவணை வராவிட்டால் முதலில் நர்ஸம்மாவிடம் காரணம் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கன்வாடிக் குறை என்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் இருக்கிறார். 104 எண்ணிலும் சொல்லலாம்.

ஐந்து: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ரோடு, தண்ணீர் பற்றிப் பேசுகிறோம். "எங்க ஊருக்கு நர்ஸம்மா இல்லாம ஆறு மாசம் ஆச்சு" என்றும் அங்கே பேசித் தீர்மானம் போடுங்கள். பெண்கள் எழுந்து பேசட்டும். சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. நர்ஸம்மாவுக்கும் டீச்சருக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு. நடுராத்திரி உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், நர்ஸம்மாவுக்கும் சொல்லுங்கள். அட்டையில் ஒரு சந்தேகம் என்றால் விடியும் வரை பொறுத்துக்கொள்ளலாமே! வெயிலில் வருகிறவருக்குத் திண்ணையில் இடமும் ஒரு சொம்பு தண்ணீரும் கொடுங்கள். மரியாதையோடு கேட்டால் உரிமை குறைந்துவிடாது.

இதைப் படித்த இன்றைக்கே கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் வருகிற புதன்கிழமையே சரிசெய்து கொள்ளுங்கள்.