கடைப் பணத்தில் வாங்கிய மனை யாருக்குச் சொந்தம்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



நம்மிடம் விசாரணைக்கு வரும் பிணக்குகளில் நம்மைப் பெரிதும் வருத்துபவை, கடைப் பணத்தில் வாங்கிய மனைகளைப் பற்றியவையே. சகோதரர் மூவர் சேர்ந்து கடை நடத்துவர். லாபத்தில் மனை வாங்குவர். கிரயப் பத்திரம் மூத்தவர் பெயரில் இருக்கும். அவர் மௌத்தான பின், "பத்திரம் எங்கள் வாப்பா பெயரில் உள்ளது" என்று பிள்ளைகளும், "பணம் கடையுடையது" என்று தம்பியரும் வந்து நிற்பர். இரு தரப்பாரும் பொய் உரைப்பதில்லை என்பதே இதிலுள்ள வேதனை.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, கூட்டு வணிகப் பணத்தில் வாங்கிய சொத்து, மாறான எண்ணம் வெளிப்படாதவரை, அவ்வணிகத்திற்காக வாங்கியதாகவே கருதப்படும். எனவே பத்திரத்திலுள்ள பெயர் மட்டும் முடிவாகாது. ஆயினும் கூட்டு இருந்தது என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். ஒரே அடுப்பு, ஒரே கல்லா என்பதால் எல்லாம் பொதுச் சொத்து என நாம் எண்ணிவிடுகிறோம். இந்துக் கூட்டுக் குடும்பத்திற்குரிய அனுமானம் நமக்குப் பொருந்தாது. வாப்பாவின் கடையில் இருபது ஆண்டுகள் உழைத்த மகனும், அவ்வுழைப்பு ஒன்றைக் கொண்டே பங்காளியாகிவிட மாட்டார்.

ஆகவே பேரேடுதான் பேச வேண்டும். மனைக்குக் கொடுத்த தொகை கடையின் சொத்துக் கணக்கில் ஏறியதா, மூத்தவரின் சொந்தப் பற்றில் எழுதப்பட்டதா? பற்றில் இருப்பின், தம் பங்கை எடுத்துத் தமக்கென வாங்கினார் என்ற வாதம் வலுப்பெறும். எழுதி வைக்கக் கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனத்தை பயான்களில் கேட்கிறோம். அண்ணனிடம் எழுத்துக் கேட்பதை மட்டும் மரியாதைக் குறைவு என்கிறோம்.

கூட்டைப் பதிவு செய்யாததால் வழக்கே தொடுக்க இயலாது என அஞ்சுவோர் உளர். கலைந்த கூட்டின் கணக்குக் கேட்க 69ஆவது பிரிவு தடையன்று. தடையாவது காலமே. வேறு ஒப்பந்தம் இல்லையேல் ஒரு கூட்டாளியின் மரணமே கூட்டைக் கலைத்துவிடும். அன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கணக்கு வழக்குத் தொடுக்க வேண்டும். "நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஆகட்டும், குமரு காரியம் முடியட்டும்" என்று பொறுத்திருந்தே அதனைக் கடத்திவிடுகின்றனர்.

இவ்விழுபறியில் மூத்தவர் மனைவியின் எட்டில் ஒரு பங்கும், பெண்மக்களின் பங்கும் தொங்கலில் நிற்கின்றன. இத்தா முடியுமுன்னரே விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கப்பட்ட சகோதரிகளை நாம் கண்டிருக்கிறோம். கணக்கு முடியாமல் எந்தப் பெண்ணிடமும் அத்தகைய கையொப்பம் பெறுவதற்கு இனி நம் ஜமாஅத் சாட்சி நிற்காது. கூட்டாகக் கடை நடத்துவோர், அனைவரும் ஹயாத்தோடு இருக்கும்போதே தத்தம் பத்திரங்களையும் பேரேடுகளையும் நிர்வாகத்தாரிடம் கொண்டுவந்து காட்டலாம். வஸ்ஸலாம்.