இலக்கணமும் விண்ணப்பமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யான் பண்டிதனல்லன், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். ஆயினும் பிறர் எழுதும் முறையீடுகளை நாள்தோறும் படித்துப் பழகியவன். அவ்வுரிமையில், ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை பயிலும் நம் சிறுவர்க்கு இலக்கணம் கற்பிப்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

இலக்கணம் என்றதும் பிள்ளைகளின் முகம் வாடுகிறது. நெட்டுருச் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். அதனால் ஆகும் பயனை நாம் காட்டாமையே இதற்குக் காரணம். பிறர் மனங்கொள்ளுமாறு எழுதும் பயிற்சியோடு சேர்த்து இலக்கணத்தைக் கற்பித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

"தண்ணீர் வரவில்லை" என்று ஒரு சிறுவன் எழுதுகிறான். உண்மைதான், ஆயினும் படிக்கும் அதிகாரி என் செய்வார்? "எங்கள் தெருக்குழாயில் மூன்று நாள்களாகத் தண்ணீர் வரவில்லை, ஆதலால் பள்ளிக்குப் பிந்துகிறோம், குழாயைப் பழுதுபார்த்துத் தர வேண்டுகிறோம்" என்று எழுதட்டும். ஏழாம் வேற்றுமை இடத்தைக் காட்டிற்று. 'ஆதலால்' காரணத்தையும் விளைவையும் பிணைத்தது. இறுதி வினை கோரிக்கையைத் தெளிவாக்கிற்று. 'வேலை கேட்டான்' என்றால் பணி. 'வேலைக் கேட்டான்' என்றால் ஆயுதம். ஓர் ஒற்று மிகுந்தால் விண்ணப்பமே மாறிவிடும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வல்லினம் மிகுமிடம் கற்பார்கள்.

இங்கே தெருவில் இந்தி பேசி வளரும் நம் பிள்ளைகள் மறந்துவரும் நுட்பம் ஒன்றுண்டு. இந்தியில் 'ஹம்' என்னும் ஒரே சொல். தமிழிலோ 'நாங்கள்', 'நாம்' என இரண்டு. 'நாங்கள் வருந்துகிறோம்' என்பது கேட்பவரை நீக்குகிறது. 'நாம் சீர்செய்வோம்' என்பது அவரையும் நம்மோடு சேர்க்கிறது. எதிரே அமர்ந்திருப்பவரை நம் பக்கம் அழைக்கும் ஆற்றல் அவ்வொரு சொல்லில் இருக்கிறது.

எடுத்துரைக்கும் முறைக்குக் கண்ணகியினும் சிறந்த ஆசிரியர் யார்? பாண்டியன் அவையில் அவள் அழுதுமட்டும் நிற்கவில்லை. தன் ஊரையும் கணவனையும் கூறினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்புப் பரல் முத்து என மன்னன் கூறவே, உடைத்துக் காட்டினாள். யார், நேர்ந்தது என்ன, சான்று யாது, வேண்டுவது யாது என்னும் நான்கும் அதில் உள. வகுப்பில் ஒரு மாணவன் விண்ணப்பம் எழுதட்டும்; அடுத்திருப்பவன் அதிகாரியாக இருந்து மறுப்பு எழுதட்டும்; அம்மறுப்புக்கு விடையளித்து முதல் மாணவன் மீண்டும் எழுதட்டும்.

"மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதும் மனுவுக்குத் தமிழிலக்கணம் எதற்கு?" என்பீர்கள். எண்ணத்தை ஒழுங்குறுத்தும் பழக்கம் தாய்மொழியில் எளிதில் வரும். செய்தவன் யார், செய்தது என்ன, காரணம் யாது என்னும் வினாக்கள் எம்மொழிக்கும் பொது.

இச்சீத்தா கேம்ப் பிறந்த கதையைப் பாருங்கள். அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். அதனைக் காக்க முன்னின்று போராடியவர் கோலார் தங்கவயலிற் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். பிற்காலத்தில் குடிசைவாழ் மக்களின் குரலாக விளங்கி, 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2018-இல் மறைந்தார்.

'காலனி அகற்றப்பட்டது' என்கிறோம். யாரால்? வாக்கியம் சொல்லவில்லை. செயப்பாட்டுவினையில் செய்தவர் மறைந்துகொள்ளலாம். 'யாரால்?' என்று கேட்கக் கற்ற சிறுவனுக்கு இலக்கணம் மதிப்பெண் மட்டுமன்று, கண்ணும் ஆகும்.

ஆகவே நம் சங்கம் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இவ்வகுப்பை நடத்துதல் வேண்டும். பிள்ளை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பக்கம் எழுதட்டும். அவற்றுள் நல்லனவற்றை அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் அவர்களே படிக்கட்டும். அன்று நாம் கேட்போராக அமர்வோம்.

 வாழ்க தமிழ்!