தாளில் எழுதாத இசை



நம் குடியிருப்பில் பியானோ பயிலும் பிள்ளைகள் 'சம்மர்டைம்' போன்ற பாடலை வாசிக்க விரும்பினால், "நம் சங்கீதத்திற்குரிய செவி கெட்டுவிடுமோ?" என்று பெற்றோராகிய நாம் ஐயுறுகின்றோம். அவ்வையம் வேண்டுவதில்லை.

அது, ஜார்ஜ் கெர்ஷ்வின் 1935-ஆம் ஆண்டில் அரங்கேறிய 'போர்கி அண்ட் பெஸ்' என்னும் இசை நாடகத்திற்காக அமைத்த தாலாட்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைமணம் அதில் கமழ்கிறது.

முதலில் இடக்கையைப் பழக்க வேண்டும். இரண்டு சுரக்கூட்டுகள் மாறி மாறி ஒலித்துத் தொட்டிலாட்டும். பின்னரே வலக்கை. அதன் மெட்டுப் பெரும்பாலும் ஐந்து சுரங்களில் உலவுகிறது. அவை நம் சுத்த தன்யாசியின் சுரங்களே!

இனி வருவதே கடினம். தாளில் சமமாக எழுதப்பட்ட இரு சுரங்களுள் முன்னதை நீட்டியும் பின்னதைக் குறுக்கியும் வாசிப்பது ஜாஸ் மரபு. 'தகிட' என்றெண்ணி, 'த'விலும் 'ட'விலும் மட்டும் விரல் வைத்தால் அந்நடை ஓரளவு பிடிபடும். எவ்வளவு நீட்டுவது என்பதைத் தாள் கூறாது. எல்லா ஃபிட்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1957-இல் பாடிய பதிவைப் பன்முறை கேட்டே உணர வேண்டும்.

பியானோவில் கமகம் பேசாது, உண்மையே. ஆயினும் நம் கமகமும் சுரக்குறிப்பில் முழுதும் அடங்குவதன்று. குருவின் வாய்கேட்டே வருவது. கேட்டுப் பழகிய செவி எவ்விசைக்கும் உதவும். ஆதலின் பிள்ளைகளுக்குக் குறிப்புத்தாளை மட்டும் தந்து நின்றுவிடாது, உடனமர்ந்து நாமும் கேட்போமாக!