ஆபரேஷன் தியேட்டரில் யார் வாயைத் திறக்கலாம்?

இந்த வார எபிசோட் கோடிங் பத்தி இல்ல. ஆனா சுத்திச் சுத்திக் கடைசில அங்கதான் வந்து நிப்பேன், பொறுத்துக்கோங்க.

போன மாசம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வலது கண். காலைல உள்ள போனதிலிருந்து பேரு என்ன, எந்தக் கண்ணு, எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு மூணு பேர் மூணு தடவை கேட்டாங்க. வலது புருவத்துக்கு மேல பேனாவால ஒரு குறி வேற. மூணாவது தடவை அம்மாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "ஏம்மா, கையில இருக்கற ஃபைல்ல எல்லாம் எழுதியிருக்கே, பாக்க மாட்டீங்களா?" நர்ஸ் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "ஃபைல் தப்பா இருக்கலாம்மா. அதான் உங்க வாயால கேக்கறோம்."

அந்தப் பதில் மனசுல அப்படியே தங்கிடுச்சு. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்குன்னு ஒரு செக்லிஸ்ட் வெளியிட்டது. ஒரே பக்கம், 19 அம்சங்கள். மூணு இடத்துல எல்லாரும் நின்னு சரிபார்க்கணும்: மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன். பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரியா இருக்கான்னு பார்க்கறதும் இதுல உண்டு. உள்ள இருக்கற எல்லாரும் தன் பேரையும் வேலையையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கறதும் உண்டு. புது தில்லி, மணிலா, டொராண்டோ, லண்டன் உட்பட எட்டு நகரங்களில் இதைச் சோதிச்சாங்க. 2009-ல் முடிவு வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைஞ்சிருந்தது. ஒரு தாள், அவ்வளவுதான்.

ஆனா கதை இங்க முடியல. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துல 101 மருத்துவமனைகள் இதே செக்லிஸ்ட்டைக் கொண்டுவந்தாங்க. 2014-ல் வெளியான ஆய்வுப்படி, இறப்பு 0.71-லிருந்து 0.65 சதவீதம். புள்ளியியல்படி பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. ஏன்னு பல விளக்கங்கள் இருக்கு. எனக்குச் சரின்னு பட்டது இது: தாளை ஒரே நாள்ல மாத்திடலாம், தாளைச் சுத்தி நிக்கற மனுஷங்களோட மனப்பான்மையை மாத்த முடியாது.

அந்த மனப்பான்மையையும் அளந்திருக்காங்க. 2000-ல் வந்த ஒரு ஆய்வு விமானிகளையும் மருத்துவர்களையும் ஒப்பிட்டது. மூத்தவர் சொன்னா இளையவர் கேள்வி கேக்கக் கூடாதுங்கற முறையை விமானிகளில் 97 சதவீதம் பேர் ஏத்துக்கல. மூத்த சர்ஜன்களில் ஏத்துக்காதவங்க 55 சதவீதம்தான். 2006-ல் அமெரிக்காவில் 60 மருத்துவமனைகளில் இன்னொரு ஆய்வு. சக சர்ஜன்களோட ஒத்துழைப்பு நல்லா இருக்குன்னு சர்ஜன்கள் 85 சதவீதம் சொன்னாங்க. அதே சர்ஜன்களைப் பத்தி நர்ஸ்கள்கிட்ட கேட்டா, 48. ஒரே அறை, ஒரே மேஜை, ரெண்டு விதமான அனுபவம்.

இதோட விலை என்னன்னு ஒரு சம்பவம் சொல்லும். 2005 மார்ச், இங்கிலாந்து. எலைன் பிராமிலிங்கற பெண்ணுக்குச் சாதாரண சைனஸ் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைச்சுக்குது. அனுபவமுள்ள டாக்டர்கள்தான் இருந்தாங்க. வாய் வழியா குழாய் போடவே திரும்பத் திரும்ப முயற்சி பண்றாங்க. கழுத்துல துளை போட்டு மூச்சு கொடுக்கற கருவிகளை ஒரு நர்ஸ் கொண்டுவந்து, தயார்னு சொல்றாங்க. யாரும் காதுல வாங்கல. இன்னொரு நர்ஸ் ஐசியுவுல படுக்கை ஏற்பாடு பண்றாங்க. டாக்டர்கள் பாத்த பார்வையில, நாமதான் மிகைப்படுத்தறோமோன்னு நெனச்சு அதை ரத்து பண்ணிடறாங்க. 13 நாள் கழிச்சு எலைன் இறந்துட்டாங்க. கணவர் மார்ட்டின் ஒரு விமானி. அடுத்த குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாதுன்னு 2007-ல் அதுக்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

இதைப் படிச்சப்ப எனக்கு அந்த ரெண்டாவது நர்ஸ் மேல கோவம் வரல. ஏன்னா அவங்க இடத்துல நான் நின்னிருக்கேன்.

வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம். டீம் லீட் ஸ்கிரீன் ஷேர் பண்ணி ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டப் போறார். கன்ஃபிக்ல டெஸ்ட் டேட்டாபேஸ் பேருக்குப் பதிலா ப்ரொடக்ஷன் பேர் இருக்கு. நான் பாத்தேன். அண்ணனுக்குப் பத்து வருஷ அனுபவம், தெரியாமலா பண்ணுவார்னு மியூட்லயே இருந்துட்டேன். அவருக்குத் தெரியல. அரை நாள் ஆர்டர் விவரம் போச்சு. பேக்கப்லேருந்து மீட்க விடிஞ்சுடுச்சு. தப்பு எப்படி நடந்துச்சுன்னு திங்கட்கிழமை மீட்டிங் போட்டப்பவும், நான் முன்னாடியே பாத்தேன்னு சொல்லல. இன்னிக்குத்தான் முதல் தடவையா வெளிய சொல்றேன். எங்க வேலைல போனது டேட்டா. தியேட்டர்ல போறது ஆள்.

இப்ப நானே டெப்ளாய் நடத்தறேன். முன்னெல்லாம் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?"ன்னு கேப்பேன். யாரும் பேச மாட்டாங்க. இப்ப டீம்ல கடைசியா சேந்த பொண்ணுகிட்ட முதல்ல கேக்கறேன்: "இதுல எது தப்பாப் போகும்னு நெனக்கறே?" போன வாரம் அவ ஒண்ணு சொன்னா. சரியாத்தான் சொன்னா. நிறுத்திட்டோம்.

கடைசியா ஒரு எண். அந்த எட்டு நகர ஆய்வுல ஊழியர்கள்கிட்ட செக்லிஸ்ட் பத்திக் கருத்து கேட்டாங்க. அஞ்சுல ஒருத்தர், நேரம் எடுக்குதுன்னு குறைப்பட்டாங்க. உங்களுக்கே ஆபரேஷன்னா இது வேணுமான்னு கேட்டதுக்கு 93 சதவீதம் பேர் வேணும்னாங்க.

அதனால அடுத்த தடவை ஆஸ்பத்திரில நாலாவது தடவை பேர் கேட்டா, சலிச்சுக்காம சொல்லுங்க. ஏதாவது மாறியிருக்கற மாதிரி தெரிஞ்சா, அதையும் சொல்லுங்க. அம்மா நல்லா இருக்காங்க, பேப்பர் படிக்கறாங்க. நெத்தில போட்ட குறி அழியத்தான் ரெண்டு நாள் ஆச்சு.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.